சாயங்காலம் பார்க்கேன்

வீட்டில் நெட் மெதுவாக இருந்தால் எல்லோரும் முதலில் கம்பெனிக்காரனைத் திட்டுகிறார்கள். அது தேவையில்லை சார். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, நடுவீட்டில் ஆள் உயரத்துக்கு வைத்தாலே பாதி சரியாகிவிடும். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் ஆறு வீட்டுக்கு நான்தான் இதைச் செய்து கொடுத்தேன். சூரியநெல்லிக்கு மேலே எங்கள் டிவிஷனில் மொபைல் ரேஞ்ச் கிடையாது. போன் பேசுவதே வைஃபையில்தான்.

கல்யாணமான புதிதில் முருகேஸ்வரிக்காகத்தான் அந்த லைனை இழுத்தேன். ராஜபாளையத்தில் இருக்கும் அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசட்டும் என்று. சிரித்தால் அவளுக்கு வலது கன்னத்தில் குழி விழும். அதைப் பார்க்கவே தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவேன்.

இந்த வருடம் ரிசார்ட் ரிசப்ஷன் வேலைக்கான ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக் கொடுப்பவர் பெயர் ஜோமோன். தினமும் நாலு மணிக்கு வீடியோவில் வருவார். நான் உள்ளே வந்தால் போனைச் சற்றுத் திருப்பிக்கொள்வாள். கன்னத்தில் அந்தக் குழி இருக்கும். பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறவன் என்று ஆகிவிடும்.

ரவுட்டர் ஆப்பில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியே ஸ்பீடு வைக்கலாம். அவள் போனுக்கு மிகவும் குறைத்து வைத்தேன். எழுத்து மெசேஜ் போகும். வீடியோ நின்றுவிடும்; வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக நிறுத்தவில்லை. அதில் கவனமாக இருந்தேன்.

"மாமா, ஒங்க போன்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டா முப்பத்தெட்டு காட்டுது. எம் போனு மட்டும் ஒங்கள மாதிரியே பதில் சொல்லாம மொறச்சுக்கிட்டு நிக்குதே" என்றாள்.

பக்கத்து வீட்டு மாரித்தாய் அத்தை வாசலில் நின்றே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சரி பண்ணுதான், பொண்டாட்டிக்கு மட்டும் கையி வரல. புதுப் போனு வாங்கிக் குடுல, கஞ்சப் பயலே."

நானும் சிரித்தேன். நம் நெட்டில் ஒரு குறையும் இல்லை, வைத்த இடம்தான் சரியில்லை என்று சொல்லி, வாரம் ஒருமுறை அவள் எதிரிலேயே ரவுட்டரை இடம் மாற்றினேன். சாமிப்பட அலமாரிக்கு மேல், பிறகு கதவு நிலைக்கு மேல். நான் விழுந்துவிடக் கூடாதென்று அவள் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

ஜோமோன் பாடங்களை எழுதியே அனுப்பத் தொடங்கினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை மூணாறில் இன்டர்வியூ என்று வந்துவிட்டது.

ஒன்பது மணி ஜீப்புக்குத் தேயிலைக்காட்டுக் குறுக்குப்பாதையில் நடக்க வேண்டும். காட்டானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எங்கள் பக்கம் யாரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. வனத்துறை வாட்சர் பிச்சைமணி அண்ணன் கேம்ப் வைஃபையிலிருந்து டிவிஷன் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்வார். அவருக்கு எழுத வராது, வாய்ஸில்தான் போடுவார். அன்று எட்டேகாலுக்குப் போட்டார். ஃபாக்டரி வைஃபையில் நான் கேட்டேன்.

"குறுக்குப்பாதைக்கு ஆரும் வராதீக. ஆன குட்டியோட நிக்கிது."

பத்து நிமிடம் கழித்து அவளிடமிருந்து எழுத்தில் வந்தது. "மாமா, அண்ணன் வாய்ஸ் சுத்திக்கிட்டே இருக்கு. லயத்துல எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க. என்ன சொல்றாருன்னு கேட்டீங்களா? கெளம்பட்டா?"

வீட்டு ரவுட்டரை ஃபாக்டரியிலிருந்தே என் போனில் திறக்கலாம். ஒரு விரல் போதும். அதுகூட வேண்டாம், எழுதிச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். நான் எழுதியது இதுதான்: "நெட்ட சாயங்காலம் வந்து பார்க்கேன்."

கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

ஆனையைக் கண்டால் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாள், வேலைப் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைத்ததாகத்தான் அத்தையிடம்கூடச் சொல்லவிருந்தேன். ஆனால் குட்டியோடு நிற்கிற ஆனை ஆளைத் திரும்ப விடாது சார். லயத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் அது தெரியும். நான் அங்கேயே பிறந்தவன்.

காட்டானை தாக்கியதாக எழுதி நீங்கள் கேஸை முடித்துவிட்டீர்கள். எழுத்து முழுதாக இருக்கட்டும் என்றுதான் வந்தேன்.

பாதையில் கிடந்த அவள் பையில் ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் ஜோமோன் சார் சொன்னதாக எழுதியிருந்தாள்: போனில் பேசும்போதும் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், வீட்டில் தினமும் பழகவும். அப்படி ஏன் சொல்லிக்கொடுத்தார் என்று அவரை ஒருமுறை கூப்பிட்டு விசாரியுங்கள்.

உடலை மறுநாள்தான் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்ன சொல் தவறாமல் சாயங்காலமே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குறைத்ததை எடுத்துவிட்டு, கண்ணாடி நொறுங்கிய அவள் போனைத் திறந்தேன். எங்கள் கல்யாணத் தேதிதான் பூட்டு எண். டெஸ்ட் போட்டதும் முப்பத்தெட்டு வந்தது. பிச்சைமணி அண்ணன் குரலைத் தொட்டேன். ஒரு நொடிகூடச் சுற்றவில்லை. பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.

நம் வீட்டு நெட்டில் ஒரு குறையும் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். அவள்தான் என்னை நம்பவில்லை.