சாய்மா கேட்ட பஸ்

எங்க ஊர்ல யாரும் பஸ்னு சொல்ல மாட்டாங்க சார், பஸ்ஸுன்னுதான் சொல்லுவாங்க. தாமல் பஸ்ஸு போயிடுச்சா, பஸ்ஸுல எடம் இருக்குதா, இப்படித்தான். படிச்சவங்க வாயிலயும் கடைசியில ஒரு உகரம் தானா வந்து ஒட்டிக்கும். இதை எதுக்குச் சொல்றேன்னு பார்க்கறீங்க. வரேன். டீ ஆறிப்போவுது, குடிங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

நான் துளசி. குழந்தைங்களைப் பார்க்கிற சைக்காலஜிஸ்ட், இருபத்தெட்டு வருஷமா. பத்து வருஷமா மத்த சைக்காலஜிஸ்டுங்களுக்குப் பயிற்சியும் குடுக்கறேன். நாலு மாசத்துக்கு ஒரு பேட்ச், பேட்சுக்குப் பன்னெண்டு பேர். கர்வமாத்தான் சொல்றேன், நம்ம மாநிலத்துல பேசாத குழந்தைக்கு வைத்தியம்னா முதல்ல என் பேரைத்தான் சொல்லுவாங்க.

சாய்மா என்கிட்ட வந்தப்போ அவளுக்கு அஞ்சு வயசு. அப்பா அக்பர், ஜரிகை வியாபாரி. அம்மா மெஹதாப்தான் கூட்டிக்கினு வந்தாங்க. பொண்ணு ஸ்கூல்ல வாயே தொறக்கறதில்ல. "வீட்ல எங்க உருதுல லொடலொடன்னு பேசிக்கினே இருப்பா டாக்டரம்மா, விட்டா ஊரையே வித்துடுவா"ன்னாங்க. இப்படிக் குழந்தைங்க நெறைய உண்டு. வெறும் பயம். பொறுமையா இருந்தா ஆறு மாசத்துல சரியாப் போயிடும்.

என் முறை ரொம்ப எளிமையானது. ரூம்ல குழந்தையும் நானும் மட்டும். கதவு சாத்தியிருக்கும், அம்மா வெளிய. அலமாரியில பொம்மைங்க, மூலையில வீடியோ கேமரா. கையைக் காட்டினா எதுவும் கிடைக்காது, வாயால கேக்கணும். ஒரு பக்கச் சுவர்ல கண்ணாடி. அதுக்குப் பின்னால இருந்து என் பேட்ச் பார்த்துக்கினு இருப்பாங்க, குழந்தைக்குத் தெரியாது.

முதல் சனிக்கிழமை சாய்மா கதவைக் காட்டினா. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். என் முந்தானையைப் புடிச்சு இழுத்தா, மெதுவா எடுத்து விட்டேன். பதினஞ்சாவது நிமிஷம் அவ பாவாடை நனைஞ்சுது. அதெல்லாம் சகஜம். இருபத்திரெண்டாவது நிமிஷம் என் முகத்தைப் பார்த்து "பஸ்"னா. திரும்பவும் "பஸ், பஸ்"னா. அலமாரியில ஒரு செவப்பு பஸ் இருந்துச்சு. எடுத்து அவ கையில குடுத்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால கை தட்டினாங்க சார். ஒரு பொண்ணு அழுதுடுச்சு. வெளிய வந்து மெஹதாப்கிட்ட, "உங்க பொண்ணு பஸ்ஸு கேட்டாம்மா"ன்னேன். அந்தம்மா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கினு அழுதாங்க.

அந்த வீடியோவைத்தான் அப்புறம் எல்லா ஊர்லயும் போட்டுக் காட்டினேன். ஆனா பயிற்சிக்கு வரவங்களுக்கு நேர்ல பார்த்தாத்தான் நம்பிக்கை வரும். மத்த குழந்தைங்க அன்னிக்குப் பேசும்னு என்ன நிச்சயம்? சாய்மா நிச்சயம். உள்ள விட்டு இருபது நிமிஷம் போனா அந்த வார்த்தை வந்துடும். நாலு வருஷம், ஒவ்வொரு பேட்சுக்கும் அவளைத்தான் வரவழைச்சேன். நூத்தி நாப்பத்தி நாலு பேர் அவளைப் பார்த்துத்தான் தொழில் கத்துக்கினாங்க. அவங்க கையில எத்தனை குழந்தைங்க பேசியிருக்கும், நீங்களே சொல்லுங்க.

மெஹதாப் ஒரு நாள் சொன்னாங்க, "வீட்லயும் பஸ்ஸு வாங்கித் தந்தேன் டாக்டரம்மா, ஜன்னல் வழியாத் தூக்கிப் போடறா." வேற கலர்ல வாங்கிப் பாருங்கன்னேன். இப்போ அந்த வீட்ல ஏழு பஸ் இருக்குது.

அன்னிக்கே இன்னொண்ணும் சொன்னேன். வீட்ல உருது வேணாம், தமிழ்லயே பேசுங்க, ரெண்டு பாஷை குழந்தைக்குக் குழப்பம்னு. அது உண்மை இல்ல. எத்தனை பாஷை பேசினாலும் குழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு என் பேட்சுக்கு நானே பாடம் எடுக்கறவ. அந்தம்மா நம்பினாங்க. கடையில பேரம் பேச, டாக்டர்கிட்ட விவரம் சொல்ல, அவ்வளவுக்குத்தான் அவங்களுக்குத் தமிழ். அதுல கொஞ்சறது எப்படி, திட்டறது எப்படி? வீடே வாயை மூடிக்கிச்சு. ரெண்டாவது வருஷம் சாய்மா வீட்லயும் பேச்சைக் கொறைச்சா. மூணாவது வருஷம் சுத்தமா நின்னு போச்சு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல.

இந்த வருஷப் பேட்ச்ல ரியாஸ்னு ஒரு பையன், உள்ளூர்தான். பழைய வீடியோவைப் பார்த்துட்டு என் ரூமுக்கு வந்தான். உட்காரக்கூட இல்ல. "மேடம், அந்தப் பொண்ணு பஸ்ஸு கேக்கல. எங்க பாஷையில பஸ்னா போதும்னு அர்த்தம். போதும், விட்டுடுங்கன்னு கெஞ்சறா மேடம்." நல்லா கவனிச்சிருக்கீங்க ரியாஸ்னு சொன்னேன். உங்ககிட்ட விசாரணைக்கு மனு போட்டவன் அவன்தான்னு தெரியும். அந்தப் பேட்ச்ல அவனுக்குத்தான் அதிக மார்க் போட்டிருக்கேன், பார்த்துக்குங்க.

கடைசியா போன மாசம் சாய்மா வந்தா. ஒம்பது வயசு, நல்லா வளர்ந்துட்டா. உள்ள வந்ததும் என்னைப் பார்க்கல. அலமாரியில இருந்து அந்தச் செவப்பு பஸ்ஸை அவளே எடுத்தா, என் மடியில வெச்சா, போய்க் கதவோரமா உட்கார்ந்துக்கினா. நாப்பது நிமிஷம் ஒரு சத்தம் இல்ல. 'குழந்தை தானாக முன்வந்து பொம்மையை எடுத்தாள், முன்னேற்றம்'னு ஃபைல்ல எழுதினேன்.

எனக்கு உருது தெரியாதுன்னு சொல்லச் சொல்றாரு என் வக்கீல். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா சார்? நான் பொறந்து வளர்ந்தது ஒலிமுகமதுபேட்டை பக்கம். கூடப் படிச்ச ஆஷிஃபா வீட்ல ரம்ஜானுக்குப் பிரியாணி போடுவாங்க. அவங்கம்மா அள்ளி அள்ளி வெப்பாங்க. தட்டு மேல ரெண்டு கையையும் வெச்சு மூடிக்கினு "பஸ், பஸ்"னு கத்துவேன். உடனே கரண்டியை எடுத்துடுவாங்க. நான் கத்துக்கின முதல் உருது வார்த்தை அதுதான்.

அதனால எழுதிக்குங்க. முதல் சனிக்கிழமையே எனக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால பன்னெண்டு பேர் பார்த்துக்கினு இருந்தாங்க. நான் செஞ்சது, அவ சொன்ன வார்த்தையில ஒரு உகரத்தைச் சேர்த்ததுதான்.

இதையும் சேர்த்து எழுதுங்க சார். நாலு வருஷத்துல ஒரு தடவைகூட அந்தக் குழந்தை வாயைத் தொறந்து கேட்டதை நான் இல்லன்னு சொன்னதே இல்ல.