முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு

ஐயையோ டீச்சர், அந்தப் பின்பக்கம் எதுக்குப் போனீங்க? சரி, பாத்துட்டீங்க. பாசிதான். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியுமா? தேயிலத் தோட்டத்துல பெரிய தொரை வாராருன்னா, தொழிலாளிங்க லயத்துக்கு முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பாங்க இல்ல, நானும் லயத்துல பொறந்தவதானே. வீடு பாக்க ஆள் வருதுன்னதும் கை தானா முன்பக்கம் போயிருச்சு. பின்னாலயும் ஒரு சுவர் இருக்குன்னு ஞாபகமே வரல, சத்தியமா.

சிரிங்க, சிரிங்க. எனக்கே காலையில இருந்து சிரிப்பா வருது.

உக்காருங்க. சோபா நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்டோட வராது. இரவல். றோலண்டுன்னு ஒருத்தரோடது, டீ பெக்டரில டீமேக்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கர்ட்டனும் அவரோடதுதான். பூச்சாடியும். ஆமா, மணிக்கூடும். அறுபத்திரெண்டு படி, அந்த மனுசன் ஒவ்வொண்ணாத் தூக்கிக்கிட்டு வந்தாரு. படி இருக்குன்னு போன்ல சொல்லலதான். சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?

கேக்கா? இல்ல டீச்சர், கறுவாப்பட்டைய அவிய வச்சிருக்கேன். யூடியூப்புல சொன்னாங்க, வாசம் வந்தா வீடு புடிச்சிருமாம். போட்டோவெல்லாம் கழட்டணும்னும் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் படத்தயும் கழட்டி அலுமாரில வச்சேன். ஒன்பது வருசமா செவத்துல இருந்தவரு. அப்ப கொஞ்சம் அழுதேன், அத ஏன் மறைக்கணும்.

ஆனா கூரை ஒழுகாது. தண்ணி வருசம் முழுக்க வரும். அதுல வெளிப்பூச்சு கெடயாது. நான் குவைத்துல பாத்திரம் கழுவி அனுப்ப, அவரு கல்லு சுமந்து கட்டின வீடு. எடுக்குறதா இருந்தா இன்னைக்கே சொல்லிருங்க டீச்சர், புண்ணியமாப் போகும்.

என்னா அவசரம்னா? சொல்லவா? வெளிய சொல்லக்கூடாது. அந்த றோலண்டு என்னயக் கேட்டாரு. கல்யாணத்துக்குத்தான். அம்பத்தாறு வயசு எனக்கு, வெக்கமா இருக்கு. நான் சொல்லிப்புட்டேன், இந்த வீட்ட வித்து, காச எம் மகன் அன்டன் பேர்ல போட்டுட்டு வெறுங்கையோடதான் வருவேன், அதுவரைக்கும் பதில் கேக்காதீங்கன்னு. அப்பன் கட்டின வீட்டுல எவனோ வந்து குந்திக்கிட்டான்னு ஒரு சொல் எம் புள்ள காதுல விழக்கூடாது. மறுநாள் விடிஞ்சதும் சோபாவோட வந்து நிக்கிறாரு.

எடுத்துக்கிறீங்களா? நெசமாவா? பாசியோடயா?

அப்ப ஒரு ஒதவி பண்ணுங்க டீச்சர். கீழ கடைசிப் படியில ஒருத்தர் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. போறப்ப, வீட்ட எடுத்துக்கிட்டேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. மிச்சம் அவருக்கு வெளங்கிரும்.