சைவப் பிள்ளையின் தொண்டையில் கோழி எலும்பு

அடுத்தவர் பேச்சில் மயங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்புவது இந்த வயதிலும் என் வழக்கம். அன்று தஞ்சாவூரிலிருந்து வந்த பஸ்ஸில் கோவில்பத்தைத் தவறவிட்டதற்கு முன் சீட்டில் இருந்த ஒரு மாமியார்தான் காரணம்.

"நம்ம சைவ வீட்டுப் புள்ள தொண்டையிலேருந்து கோழி எலும்பு வந்துச்சே, அதுக்குப் பதில் சொல்லு."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் குழந்தை மருமகளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"தொக்கம் எடுக்குறவ கொழாய வச்சு உறிஞ்சித் துப்புன எலும்பு அது, அத்தை. முன்னாடியே வாயில வச்சிருந்திருப்பா."

"ஒங்கம்மா வீட்டுக்குப் போனப்ப யாராச்சும் ஊட்டியிருப்பாங்க."

"எலும்பு வந்த பெறவும் விசில் அடிக்கிற மாதிரிதானே மூச்சு விட்டான்? டாக்டர் நெஞ்சுல ஸ்டெத்த வச்சுக் கேட்டுட்டு, வலது பக்கம் காத்தே போகலன்னாரு. மயக்கம் குடுத்து மூச்சுக் கொழாயிலேருந்து வேர்க்கடலைய எடுத்தாரு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா புள்ள நமக்கு இல்லன்னாரு."

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பல்லு மொளைச்சிருச்சேன்னு கடலைய ஊட்டுனது யாரு, அத்தை?"

பஸ் கோவில்பத்தைத் தாண்டிக் காரைக்கால் நிலையத்துக்குள் நுழைந்தது. இறங்கும்போது குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு மாமியார் சொன்னார்:

"நான்தான் ஊட்டுனேன். ஆனா கடலை சைவம்."