எட்டி பிராஸ்க்கின் மீசை

கறை படிந்த மேசைவிரிப்பை எடுத்துவிட்டுப் புதியதை விரிப்பவரை எவரும் திருடர் என்று அழைப்பதில்லை. நம் சங்கத்தின் விசாரணைக் குழுவினராகிய நீங்களும் அழைக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி: டெல்பர்ட் ஹோக்கின் அட்டை எங்கே? விடை சொல்கிறேன். ஆனால் கொள்கையைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்வது முறையாகாது.

டொலிடோ நகரில் பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்பவர்கள் நாம் பன்னிரண்டு பேர். மாதந்தோறும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடுகிறோம். ஒருகாலத்தில் பபிள்கம் பொட்டலத்தோடு சிறுவர்களுக்குக் கிடைத்த அந்த ஆட்டக்காரர் படங்களைப் பற்றி இருபது ஆண்டுகளாக நான் ஒன்றையே முழங்கி வந்தேன். மூலை மழுங்கிய அட்டையை எப்போது மாற்றுவது? அதைவிட நல்லது கிடைத்த அன்றே. தேய்மானம் பெருமையன்று, கறை பரம்பரைச் சொத்தன்று, கிழிசலைப் புனிதம் என்று கும்பிடுவது பழமையைப் பிடித்த நோய். நீங்கள் கைதட்டினீர்கள். தட்டிய கையோடு வீட்டுக்குப் போய் அதே கிழிசல்களைத் தடவிக் கொடுத்தீர்கள்.

பேச்சால் திருந்தாதவர்களைச் செயலால் திருத்த வேண்டியதாயிற்று. உங்கள் வீடுகளுக்கு விருந்தாளியாக வந்தபோது, நீங்கள் அடுப்பிலிருந்த மொச்சைக் குழம்பைக் கிளறப் போகும் இடைவெளி எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆல்பத்தின் பிளாஸ்டிக் பைகள் மேற்புறம் திறந்தவை. இரண்டு விரல்கள் போதும். முப்பத்தைந்து அட்டைகளை எடுத்தேன். எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஈடாக, அதே ஆண்டின் அதே ஆட்டக்காரரின் அட்டையை, ஆனால் மாசற்றதை, என் செலவிலேயே வாங்கி வைத்தேன். எந்த வீட்டிலும் ஒரு பை காலியாக இருந்ததில்லை.

இனி டெல்பர்ட்டின் செய்திக்கு வருகிறேன்.

ஆட்டப் பருவம் தொடங்கும் நாளில் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள படுமோசமான அட்டையைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்வது நம் வழக்கம். நான் மட்டும் கொண்டுவருவதில்லை. என்னிடம் மோசமான அட்டை கிடையாது. டெல்பர்ட் ஆண்டுதோறும் கொண்டுவருவது 1954ஆம் ஆண்டின் எட்டி பிராஸ்க். அந்த ஆட்டக்காரருக்கு டெல்பர்ட்டின் அண்ணன் ரஸ் சிறுவயதில் பென்சிலால் மீசை வரைந்திருந்தான். பிறகு துணிக்கிளிப்பால் சைக்கிளில் மாட்டி, சக்கரக் கம்பிகளில் படபடக்கவிட்டு ஊரைச் சுற்றினான். ரஸ் வியட்நாம் போரிலிருந்து திரும்பவில்லை. அவனுடைய கடிதங்களும் படங்களும் நிலவறையில் வெள்ளம் புகுந்தபோது அழிந்தன. அவன் கைபட்டு எஞ்சியது அந்த மீசை ஒன்றுதான்.

இவ்வாண்டு டெல்பர்ட் ஆல்பத்தைத் திறந்தபோது நான் அருகில்தான் இருந்தேன்.

"டேய், இவன் மீசைய யாருடா வழிச்சது?"

"சீசன் ஆரம்பிக்குதில்ல? சலூனுக்குப் போயிட்டு வந்திருப்பாரு," என்றார் இக்குழுவின் தலைவர் நோரீன் ஸிமான்ஸ்கி. கூடமே சிரித்தது.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வெர்ன், நீ சின்னப் புள்ளையிலேருந்து பாத்தவன். சொல்லுடா. மீசை இருந்துச்சுல்ல?"

"எனக்கு ஞாபகம் இல்லப்பா, டெல். நமக்கும் வயசாகுதுல்ல," என்றேன்.

அதை அன்பாகத்தான் சொன்னேன். அடுத்த வாரமே அவன் மறதி நோய் மருத்துவரிடம் போனான். நினைவாற்றலைச் சோதிக்க அவர் ஒரு கடிகாரத்தை வரையச் சொன்னாராம். மிக நன்றாக வரைந்தானாம். ஆகவே என் சொல்லால் தீங்கு எதுவும் விளைந்துவிடவில்லை.

மே மாதக் கூட்டத்தில்தான் நோரீன் அம்மையார் தம் ஆல்பத்தை உற்றுப் பார்த்தார்.

"என் அட்டையில ஒரு காபி வட்டம் இருந்துச்சு. என் மொதப் புருஷன் கப்பு வெச்ச தடம். அந்தாளு விட்டுட்டுப் போனதுலயே உருப்படியானது அது ஒண்ணுதான்யா. அதையும் காணோம்."

எல்லோரும் தத்தம் ஆல்பங்களைப் புரட்டினீர்கள். பதினொருவர் வீட்டு அட்டைகளுக்கும் இளமை திரும்பியிருந்தது.

"எங்க எல்லாருதும் மாறியிருக்கு. உம்மது மட்டும் அப்படியே இருக்கே, எப்படிய்யா வெர்னன் புரூயிட்டு?" என்று நோரீன் அம்மையார் என்னைக் கேட்டார்.

என் அட்டைகளில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்ற உண்மையைச் சொன்னேன். அதுவே என்னைக் காட்டிக்கொடுத்தது. முப்பத்துநான்கு அட்டைகளை ஒரு காலணிப் பெட்டியில் வைத்து மறுநாளே உங்களிடம் ஒப்படைத்தேன். மிச்சம் ஒன்று.

அதற்காக டெல்பர்ட் என் வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீ வெச்ச புதுசையும் நீயே எடுத்துக்க. என் ஆல்பம் முழுசையும் வேணும்னாலும் எடுத்துக்கடா. அந்த மீசைய மட்டும் குடுத்துரு," என்றான். அறுபதாண்டு நண்பன் ஒரு கிழிசலுக்காகக் கெஞ்சுவதைக் காண எனக்குச் சங்கடமாக இருந்தது.

என் தந்தை காப்பீட்டு அலுவலர். அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கித் தருவார். கூடவே வெள்ளைக் கையுறையும் தருவார். கையுறையோடு நான் சன்னலருகே உட்கார்ந்திருக்க, கீழே ரஸ்ஸின் சைக்கிள் படபடவென்று போகும். ஓர் அட்டை அவ்வளவு ஒலியை எப்படி எழுப்புகிறது என்று அறிய விரும்பினேன். அறிவு வேட்கையை எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை.

ஆகவே மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை வேளையில், பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் பிராஸ்க்கைப் பின்சக்கரத்தில் மாட்டி ஓட்டினேன். என்னிடமிருந்த பிராஸ்க்கை மாட்டியிருக்கலாமே என்பீர்கள். அதன் நான்கு மூலைகளும் கூர்மையானவை. அதைச் சக்கரத்தில் மாட்டுவது காட்டுமிராண்டித்தனம்.

மூன்று சுற்று வந்தேன். நான் வாய்விட்டுச் சிரித்ததாகத் தள்ளுவண்டியோடு நின்ற பெண்மணி ஒருவர் சாட்சி சொல்லக்கூடும். நான்காம் சுற்றில் அட்டை நடு மடிப்பில் இரண்டாகக் கிழிந்தது. மேற்பாதி மழைநீர் வடிகாலுக்குள் போயிற்று. பிராஸ்க்கின் இடுப்பு முதல் கால்கள் வரையுள்ள பாதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். கிழிந்த விளிம்பைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்: அது எப்படியும் மாற்றியாக வேண்டிய நிலையில்தான் இருந்தது.

டெல்பர்ட்டுக்கு மீசைதான் வேண்டுமென்றால், நான் வைத்த புதிய அட்டையில் நானே வரைந்து தருகிறேன். ரஸ் வரைந்தது இடப்பக்கம் சற்றுக் கோணல். என்னுடையது சீராக இருக்கும்.