இரவல் கால்

— காலை நீட்டு... இன்னும் கொஞ்சம். மடக்காதே அண்ணா.

— கூசுது பாப்பா. ஊர்ல உனக்கு வேற காலே கிடைக்கலையா?

— அண்ணி காலைக் கேட்டேன். கடைக்குப் போகணும்னு கிளம்பிட்டாங்க.

— அவ பொழைக்கத் தெரிஞ்சவ. என் காலு பிரேக்கை மிதிச்சு மிதிச்சு மரத்துப்போன காலு. இதுல உனக்கு என்ன தெரியப்போகுது?

— டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கால்ல ரத்தக்குழாய் நல்லா எடுப்பாத் தெரியும். ஆட்டாம இரு... இதோ. கணுக்கால் எலும்புக்கு முன்னாடி. இங்கதான் ஆரம்பம்.

— என்னது, பேனாவால கோடு போடுற?

— போட்டுப் பார்த்தாத்தானே கைக்குப் பழகும்.

— நான் ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸுக்கு வெளியூர் கிளம்பணும். இந்தக் கோலத்தோட பஸ்ஸுல உட்காரச் சொல்றியா?

— வேட்டியத் தூக்கிக் காட்டிக்கிட்டா போகப்போற? எத்தனை நாளைக்குப் போற?

— ரெண்டு வாரம்... அப்படி இப்படின்னு ஆகும். ஸ்கூலுக்குப் புது வண்டி பார்க்கணும்.

— ஒரு வண்டி பார்க்க ரெண்டு வாரமா?

— நல்ல வண்டியா வேணும்ல. நீ உன் வேலையப் பாரு. பரீட்சை நாளைக்கு உனக்கா எனக்கா?

— எனக்குத்தான்.

— பயமா இருக்கா?

— இருக்கு.

— ஆபரேஷன் தியேட்டர்ல இத்தனை வருஷம் டாக்டர் பக்கத்துல நின்னவ. குடல், பித்தப்பை, எலும்புன்னு எல்லாத்துக்கும் கை கொடுத்தாச்சு. இன்னும் என்ன பயம்?

— அது பொதுவான வேலை. இது இதயத்துக்குன்னு தனிச் சான்று. அதுல பைபாஸுக்குக் கால்ல இருந்து குழாய் எடுக்கிறது எங்க வேலை. பெரிய டாக்டர் நெஞ்சைத் திறந்துக்கிட்டு இருக்கும்போதே இந்தப் பக்கம் நான் காலைத் திறக்கணும். அவர் கேட்கும்போது கையில குழாய் தயாரா இருக்கணும்.

— பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்களா?

— பரீட்சை வைக்கிறவர் முதுகுக்குப் பின்னாடி நிப்பார். வாயே திறக்கமாட்டார்.

— என்னை மாதிரி. பிள்ளைங்க ஓட்டுவாங்க, நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனா என் காலடியில ஒரு பிரேக் இருக்கும். உன் வாத்தியாருக்குப் பிரேக் இருக்கா?

— இல்ல.

— இல்லையா?

— கிழிச்சுட்டா கிழிச்சதுதான். போன வருஷம் அப்படித்தானே ஆச்சு. அவசரப்பட்டேன். குழாயோட ஒரு கிளையைக் கட்டாம இழுத்துட்டேன், பரீட்சையும் போச்சு.

— போன வருஷப் பேச்சு இப்ப எதுக்கு? நாலு நாள் சாப்பிடாமக் கிடந்தே. மறந்துடு... அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. வேற இடத்துல எடுத்துச் சரி பண்ணிட்டாங்க. நல்லா நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

— அப்ப சரி.

— ஏன், உனக்கு முகமெல்லாம் வேர்க்குது?

— ஃபேன் எங்க சுத்துது இந்த வீட்டுல. ஆமா, நாளைக்குப் படுக்கப்போற ஆளு யாருன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவாங்களா?

— மாட்டாங்க. காலையிலதான். சொன்னா நாங்க வார்டுக்கே போய்க் காலைத் தடவிப் பார்த்து வச்சுக்குவோம்னு.

— நீங்க செய்யக்கூடியவங்கதான். அப்ப தியேட்டர்ல முகத்தைப் பார்ப்பியா?

— நான் கை கழுவிட்டு உள்ளே வர்றப்ப எல்லாத்தையும் பச்சைத் துணி போட்டு மூடியிருப்பாங்க. தலைப்பக்கம் ஒரு திரை. எனக்குத் தெரியறது ஒரு கால் மட்டும்தான்.

— முகம் தெரியவே தெரியாது?

— தெரியாது. ஏன் கேக்குற?

— சும்மா. நல்லதுதானே. முகத்தைப் பார்த்தா கை நடுங்கும். கால்னா கால். யார் கால்னு என்ன தெரியப்போகுது.

— ஆனா பேரைப் படிப்பாங்க.

— என்ன பேரு?

— படுத்திருக்கிற ஆளோட பேரு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஒருத்தங்க சத்தமாப் படிப்பாங்க. பேரு, வயசு, என்ன ஆபரேஷன், எந்தக் கால். ஆள் மாறிடக்கூடாதில்ல.

— கட்டாயம் படிச்சே ஆகணுமா?

— படிக்காம ஆரம்பிக்க முடியாது.

— பேரைத் தப்பா கொடுத்திருந்தா?

— யாராவது ஆஸ்பத்திரியில பொய்ப் பேரு கொடுப்பாங்களா அண்ணா?

— இல்ல... கொடுக்கமாட்டாங்கதான். சரி, நீ கோட்டைப் போடு. எங்க வரைக்கும் போகும் இது?

— தொடை வரைக்கும். முழுக்க எடுக்க வேண்டியதில்ல. எத்தனை அடைப்போ அதுக்குத் தக்கன.

— மூணு அடைப்புன்னா?

— மூணுன்னா நல்ல நீளம் வேணும். ... இரு. அசையாதே.

— என்ன?

— முழங்காலுக்குக் கீழ ரெண்டாப் பிரியுது.

— அது தப்பா?

— தப்பில்ல. சிலருக்கு அப்படி இருக்கும். ஆனா தெரியாம ஒல்லியா இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டே போனா, மேல போய் ஒண்ணும் இல்லாம நிக்கும். இந்தப் பக்கம்தான் தடிமன். இங்க ஒரு புள்ளி வைக்கிறேன்... இங்க ஒண்ணு.

— ஏய், சும்மாப் பழகுறதுக்கு இவ்வளவு அழுத்தி எழுதணுமா? என் கால்ல ரோடு மேப்பே போட்டுட்ட.

— போகப்போறவங்களுக்கு வழி தெரியணுமில்ல.

— என் கால்ல எவன் போகப்போறான்?

— பேச்சுக்குச் சொன்னேன். உள்ள கதவு கதவா இருக்கும் இந்தக் குழாய்ல. ரத்தம் மேல மட்டும்தான் போகும், கீழ இறங்காது. அதனால நெஞ்சுல தைக்கிறப்பத் தலைகீழாத் திருப்பித் தைக்கணும்.

— ஒன்வேன்னு சொல்லு.

— ஒன்வேதான். திருப்ப மறந்துட்டா அடைச்சுக்கும். எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு சொல்லிக் கொடுக்க வேண்டியது நான்.

— எத்தனை வேலை பாப்பா உனக்கு... அந்த ஆளுக்கு வலிக்குமா?

— நடக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. அப்புறம் வலிக்கும். நெஞ்சைவிடக் கால்தான் ரொம்பப் படுத்தும்னு எல்லாரும் சொல்லுவாங்க.

— நெஞ்சைவிடவா?

— ஆமா. வீங்கும். காலைத் தொங்கப்போடாம உசத்தி வச்சுக்கணும். இன்னொண்ணு... முழிப்பு வர்றப்பத் தொண்டையில குழாய் இருக்கும். பேச வராது. கத்த வராது. எல்லாரும் அப்பத்தான் மிரண்டு போவாங்க.

— மிரளாம என்ன பண்ணுவாங்க?

— மிரளக்கூடாது. மெஷினோட மல்லுக்கட்டக்கூடாது. அது மூச்சு கொடுக்கும், வாங்கிக்கணும். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க. இருமல் வந்தா ஒரு தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமணும். கேக்குறியா?

— நான் எதுக்குக் கேக்கணும்?

— சும்மா கேட்டு வையேன்.

— இதையெல்லாம் அந்த ஆளுக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா?

— சொல்லணும். வேகமா ஒப்பிச்சுட்டுப் போயிடுவாங்க. பாவம், பயத்துல பாதி காதுல விழாது.

— விழாது. ஆமா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நீதானே இப்ப சொன்னே... நாளைக்கு உன்கூட இன்னொருத்தியும் போட்டியில இருக்கான்னியே, நீ வாத்துன்னு கூப்பிடுறவ.

— இருக்கா. இந்தத் தடவை இடம் ஒண்ணுதான். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்திக்கு.

— அவ எப்படி? உன் அளவுக்கு வருவாளா?

— நடைதான் வாத்து. கை அப்படி இல்ல.

— அவளைப் பத்திப் பேசினா வேற பேரெல்லாம் வருமே உன் வாயில. சிடுமூஞ்சி, கோள்மூட்டி...

— எல்லாம் சொல்லியிருக்கேன். ஆனா குழாயை இடுக்கியால பிடிக்கவேமாட்டா அவ. சுத்தியிருக்கிற சதையைப் பிடிச்சே எடுத்துடுவா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். பார்த்துக்கிட்டே நிப்பேன்.

— எதிரியைப் புகழ்ந்தா மழை வரும். நீ அவளைவிட நல்லாச் செய்வே.

— அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளு.

— என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு ஏதாவது இருக்கா?

— என்ன இருக்கு? நல்லாப் பண்ணு. அவசரப்படாதே. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— ...மணி என்ன?

— அஞ்சரை.

— கிளம்பணும். ஆறு மணிக்கு அங்க இருக்கணும்.

— பஸ் ஒன்பதுக்குன்னே.

— ஒன்பதா சொன்னேன்?

— பையில செருப்பு இல்ல, பேண்ட் இல்ல. நாலு வேட்டியும் ஒரு துண்டும் இருக்கு. வண்டி பார்க்கப் போறவன் பை அது இல்ல அண்ணா.

— பையைக் குடைஞ்சியா?

— சொல்லு.

— பாப்பா... அந்தப் பேரு. நாளைக்குப் படிப்பாங்கன்னியே.

— ம்.

— என் பேரைத்தான் படிப்பாங்க.

— ம்.

— என்ன "ம்"? நான் சொன்னது காதுல விழுந்துதா? மூணு அடைப்பு. நீ வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம் பார்த்துத்தான் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிக்கிட்டுப் போவேன். தள்ளிப்போடக் கூடாதுன்னுட்டார் பெரிய டாக்டர். அவங்க கொடுத்த தேதியும் உன் தேதியும் ஒண்ணா வந்து நின்னுடுச்சு. நான் என்ன பண்ணுவேன்?

— எப்ப இருந்து வலி?

— மழைக்காலத்துல இருந்து. அப்புறம் ஒரு நாள் வண்டியிலயே வந்துடுச்சு. காலேஜ் படிக்கிற பொண்ணு ஓட்டிக்கிட்டு இருக்கா. எதிர்ல லாரி. பிரேக்கை மிதிக்கணும்னு தெரியுது, கால் வரமாட்டேங்குது. அவளே ஒடிச்சுத் திருப்பினா. அன்னைக்குத்தான் பயந்தேன்.

— அன்னைக்கே என்கிட்ட வந்திருக்கக் கூடாதா?

— போன வருஷம் நீ கிடந்த கிடை எனக்குத் தெரியும். இந்த வருஷமும் என்னால போச்சுன்னு இருக்கணுமா?... நீ ஏன் ஆச்சரியப்படவே இல்ல?

— மத்தியானமே தெரியும்.

— அவளா? தலையில அடிச்சு சத்தியம் வாங்கினேனே.

— அண்ணி ஒரு வார்த்தை சொல்லல. வந்து உட்கார்ந்து அழுதாங்க. என்ன மாத்திரை வாங்கப் போறீங்கன்னு சீட்டை வாங்கிப் பார்த்தேன், பைபாஸ்னு நாளைக்குத் தேதி போட்டிருந்தது. அப்புறம் அவங்க சொல்றதுக்கு என்ன இருக்கு?

— அப்ப இந்தக் கால்... பழகுறதுக்குன்னு சொன்னதெல்லாம்...

— தொண்டைக் குழாயையும் தலையணையையும் வேற எப்படி உன்கிட்ட சொல்றது? நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். அழுத்தக்காரன்.

— சரி, தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு. இப்ப நல்லாக் கேளு. அங்க யாருக்கும் நீ என் தங்கச்சின்னு தெரியாது. பேரைப் படிக்கிறப்ப நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி நில்லு. காலைப் பார்த்தாச்சு, வழியும் தெரிஞ்சாச்சு. இதைவிட ஒரு வாய்ப்பு வருமா? சான்றும் உனக்கு ஆச்சு, எனக்கும்... வேற யாரோ தொடுறதுக்கு நீ தொட்டா எனக்குப் பயம் இருக்காது பாப்பா. சத்தியமா சொல்றேன். உன் கைன்னா நான் தூங்கிடுவேன்.

— எனக்கும் மத்தியானம் அதே ஆசை வந்தது அண்ணா. ஒரு மணி நேரம் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் போன வருஷம் இழுத்த கிளை ஞாபகம் வந்தது... பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன், படுக்கப்போறது என் அண்ணன்னு. நாளைக்கு வாத்துதான் எடுக்கப்போறா, இடமும் அவளுக்கே போகட்டும், இந்தப் புள்ளியெல்லாம் அவளுக்குத்தான். ஆறு மணிக்கு வார்டுல வந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்கா, அவ சிரிக்கமாட்டா, நீ தப்பா எடுத்துக்காதே. கிளம்பு, நானும் வர்றேன். இத்தனை வருஷமா அந்தக் கதவுக்கு உள்ளேயே நின்னுட்டேன் அண்ணா... நாளைக்கு அண்ணி பக்கத்துல வெளியில உட்காரணும், அங்க எப்படித்தான் உட்கார்ந்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியல.