அவள் உட்காரும் இடம்

மாலை ஐந்தே கால். அக்டோபர் மாதம். மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவே, எங்கள் ஊர்க் கப்பிச் சாலை. என் பட்டறையைத் தாண்டினால் நான்கு மைலுக்கு வீடு கிடையாது, விளக்கு கிடையாது. நான்காவது மைலில் டெல்மரின் வீடு.

அந்தச் சாலையில்தான் என் அக்கா ஆர்டிஸும் அவள் கணவர் டெல்மரும் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார்கள். வாசலருகே அக்கா இறங்கினாள். குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, இரண்டு ஸ்பிரிங்குகளையும் மடக்கினாள். டிக்... டிக். "காபி போடு டெல், தபாலை எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். அவர் வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனார்.

காபி கொதித்தது. ஆறியது. அவள் வரவில்லை.

தபால் பெட்டிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு விதைக் கம்பெனியின் விலைப் புத்தகம், பிரிக்காமல். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஐம்பத்தெட்டு வயது.

நம் மோட்டார் சைக்கிள் கூட்டம் கூடுகிற ஒவ்வொரு வருடமும் இந்தத் தீயைச் சுற்றி யாராவது கதை சொல்கிறோம். எல்லாம் யாரோ ஒரு நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தவை. இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. இதோ உட்கார்ந்திருக்கும் கேத்தி இன்று சாயங்காலம் என் வண்டியைச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டாள்: "தனியா வர்ற கிழவன் எதுக்கு ரெண்டு பேர் ஸ்பிரிங்கை நிமிர்த்தி வச்சிருக்கே? பொண்ணு தேடறியா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பதில்தான் இது.

அந்த ஸ்பிரிங் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றிரண்டு பேருக்காகச் சொல்கிறேன். டெல்மரின் வண்டி நாற்பத்தெட்டாம் வருடத்து ஹார்லி. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் ஒரே நீளச் சீட்டு. பின்னால் ஆள் ஏறினால் அடியிலிருக்கும் இரண்டு துணை ஸ்பிரிங்குகளை நிமிர்த்த வேண்டும். இறங்கினால் மடக்க வேண்டும். இருவர் போகும்போது நிமிர்த்தாவிட்டால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டு கீழே போய் இரும்பில் மோதும்... தொம். தனியாகப் போகும்போது மடக்காவிட்டால் சீட்டு பலகைதான். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும்.

முப்பத்தோரு வருடத்தில் டெல்மர் ஒருமுறைகூட அதை ஞாபகமாகச் செய்ததில்லை. அக்காவே செய்வாள். ஏறும்போது டிக் டிக். இறங்கும்போது டிக் டிக். "இந்த மனுஷனை நம்பியிருந்தா என் இடுப்பு எப்பவோ காயலான் கடைக்குப் போயிருக்கும்" என்பாள். அவளுக்கு இடது இடுப்பு மோசம். கோழிக்கூடு வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். ஆனால் வண்டியில் மட்டும் எவ்வளவு தூரமானாலும் போவாள்.

குளிர்காலம் முழுக்க வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஏப்ரலில் டெல்மர் அதை வெளியே எடுத்தார். தினமும் மாலை ஒரு சுற்று போனார். நல்லதுதான், மனிதர் எழுந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம்.

ஜூனில் வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். குஷன் வேலைதான் என் பிழைப்பு. டிராக்டர் சீட்டு, லாரி சீட்டு, சர்ச் நாற்காலி, எல்லாம் தைப்பேன். அந்தச் சீட்டு பார்க்கச் சகிக்கவில்லை. பின்பக்கம் தோல் வெடித்து உள்ளேயிருந்த குதிரை முடி பிதுங்கியிருந்தது.

"தோலை மட்டும் தச்சுக் குடு மச்சான்" என்றார். "வேற எதையும் தொடாதே. மழை பெய்ஞ்சா அவ உக்கார்ற பக்கம் நனைஞ்சு போகுது."

உட்கார்கிற பக்கம். உட்கார்ந்த பக்கம் இல்லை... எனக்குக் காதில் விழுந்தது. மனைவி போய் எட்டு மாதம். நாக்கு பழகக் கொஞ்சம் நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது அடி போவதற்குள் முதுகு விட்டுப் போயிற்று. இறங்கிப் பார்த்தால் துணை ஸ்பிரிங் இரண்டும் நிமிர்ந்து நின்றன. போனில் கேட்டேன், எப்படி அத்தான் இதில் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்று. "ஏன்? மெத்து மெத்துன்னு இருக்கே" என்றார். பாவம், வலிகூட உறைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நம் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கும் தெரியும். மனைவி போய்விட்டால் அவள் துணிமணிகளை அலமாரியிலிருந்து எடுப்பது புருஷன் வேலை இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எடுத்துவிடுவார்கள். அதே மாதிரி வண்டியிலிருந்து இரண்டு பேர் சீட்டைக் கழற்றித் தனியாள் சீட்டு மாட்டுவது நண்பர்கள் வேலை. அவனைக் கேட்கக்கூடாது. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான். டெல்மருக்கு அதை யாரும் செய்யவில்லை. தம்பி நான் இருக்கிறேன், நான் செய்வேன் என்று விட்டிருந்தார்கள்.

செய்தேன்.

பத்து நாள் எடுத்தது. என்னிடமிருந்ததிலேயே நல்ல தோல். கையால் தைத்தேன். செம்பு ஆணி. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான தனியாள் சீட்டு செய்ததில்லை, இனியும் செய்யப் போவதில்லை. பழைய சீட்டைப் பிரித்தபோது குதிரை முடியில் மழை வாடை வந்தது. எண்ணெய் வாடை. அதற்கும் அடியில் கொஞ்சமாக, அக்கா குளிர்காலத்தில் கைவெடிப்புக்குப் பூசும் களிம்பின் வாடை. ஒரு நிமிடம் முகத்தை அதில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தோலையும் முடியையும் பின்பக்கத்துக் குப்பைப் பீப்பாயில் போட்டு எரித்தேன். ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்பு வாளியில் எறிந்தேன். பாதி வழியில் நிறுத்தினால் இரக்கம் வந்துவிடும், அதற்காகத்தான் வேகமாக...

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்மர் வந்தார். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. சீட்டைப் பார்த்தபடி நின்றார். விரலால் தையலைத் தடவினார்.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு, "பழசு?"

பீப்பாயைக் காட்டினேன். போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பட்டறை வாசலைப் பார்த்தார், அங்கே யாரோ காத்துக்கொண்டிருப்பது போல.

"அவ எங்க மச்சான் உக்காருவா?"

அத்தான், அக்கா இல்லையே என்றேன். குழந்தை ஏதோ சொன்னால் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினார். வண்டியை உதைத்து எடுத்தார்.

முதல் கியரில் போனார். நடக்கிற வேகத்தில். இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி... டப்... டப்... டப். ஐந்தடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து பார்த்துக்கொண்டார். டயரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சத்தம் காதிலிருந்து மறையவே வெகுநேரம் ஆயிற்று. நான் பட்டறையைப் பெருக்கி, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதியோடு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

ஈரக் கப்பியில் ஒற்றை டயர்த் தடம், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து. மெதுவாகப் போகும் வண்டி அப்படித்தான் போகும். அதன் இருபுறமும் டெல்மர் கால் ஊன்றிய தடங்கள். வலது பக்கம், அவற்றுக்கும் அப்பால், வேறு காலடிகள். பெண் பூட்ஸ். சின்ன அளவு. இடது அடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோடு... காலை இழுத்து வைத்தால் விழுகிற கோடு.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே ஓட்டினேன். அரை மைலில் அடிகள் நின்றிருந்தன, டயரும் நின்றிருந்தது. மறுபடி நடந்திருந்தன. ஏற்றத்தில் அடிகள் குறுகின. அந்த இழுவைக் கோடு நீண்டுகொண்டே போயிற்று. நிற்காமல் கோழிக்கூடு வரைகூட நடக்க முடியாதவள்.

இரண்டரை மைலில், ஓடைப் பாலத்துக்கு முன்னால், டயர்த் தடம் சட்டென்று நேரானது. கப்பி சிதறியிருந்தது. அங்கே இரண்டு பாதமும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்கப்பால் காலடி இல்லை.

டெல்மர் சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வண்டி. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ராத்திரி முழுக்க அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

அப்போதுதான் சொன்னார். ஏப்ரலில் முதல் நாள் தார்ப்பாயை எடுத்தபோது ஸ்பிரிங் இரண்டும் நிமிர்ந்து இருந்தனவாம். மடக்கிவிட்டுப் படுத்தாராம். காலையில் மறுபடி நிமிர்ந்து இருந்தனவாம். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் மடக்காமலே ஏறிப் போயிருக்கிறார். பலகை மாதிரி அடிக்க வேண்டிய சீட்டு, இரண்டு பேர் கனத்துக்குத் தழைவது போல மெத்தென்று தழைந்ததாம். பாலம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் சீட்டுக்கு அடியில் சத்தம்... டிக். டிக். அன்றிலிருந்து தினமும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுபோகுமோ என்று பயம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்" என்றேன்.

"தோலை மட்டும் தைன்னு சொன்னேனே மச்சான்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று என்ன நடந்தது என்று கேட்டேன். ஓடையைப் பார்த்தபடி சொன்னார்: "நடந்து வந்தா. கூடவே ஓட்டினேன். ஆனா இன்ஜின் சூடாகி உள்ள தட்ட ஆரம்பிச்சுது. காத்துல ஆறுற இன்ஜின், காத்து படலேன்னா இறுகிப் பிடிச்சுக்கும். உனக்குத் தெரியாதா? பிடிச்சுக்கிட்டா அப்புறம் அவளை எதுல கூட்டிட்டுப் போறது? இங்கயே நில்லு, பாலம் வரைக்கும் ஒரு ஓட்டம் விட்டு ஆத்திட்டு வந்துடறேன்னு சொன்னேன். ஒரு நிமிஷம்தான் மச்சான்."

"திரும்பி வந்தப்போ இல்லையா?"

"நில்லுன்னு சொன்னா நிப்பா. நிக்கறா. என் கண்ணுக்குத்தான் தெரியல."

வாளியிலிருந்து ஸ்பிரிங்குகளைப் பொறுக்கினேன். பழைய அச்சு என்னிடம் இருந்தது. நான்கு நாள் தூங்காமல் இரண்டு பேர் சீட்டு தைத்தேன். தையலுக்குத் தையல் பழையது மாதிரியே. டெல்மர் அதை மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். தன் கையால் ஸ்பிரிங்கை நிமிர்த்தினார். அவர் அதைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தடவினார். "ஏறு ஆர்டிஸ்" என்றார். ஒரு நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பினார். நான் லாரியில் பின்னால் போனேன். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. பலகை.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். பனி விழும்வரை போனார். அடுத்த வருடம் முழுக்கப் போனார். மடக்கி வைத்த ஸ்பிரிங் அதன் பிறகு தானாக நிமிரவே இல்லை. அதற்கடுத்த பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அக்காவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். வண்டியை எனக்கு எழுதி வைத்திருந்தார்.

ஒன்பது வருடமாக நான் போகிறேன். பாலத்துக்கு முன்னால் நிறுத்துவேன். ஸ்பிரிங்கை நிமிர்த்துவேன். அக்கா, நான்தான், ஏறு என்பேன். அறுபது எண்ணுவேன். பிறகு நான்காவது மைல் வரை ஓட்டிப்போய், பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டு வாசலில் நிறுத்துவேன். வழி நெடுக முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். மடக்க மாட்டேன் கேத்தி. ஒருவேளை அவள் ஏறியிருந்து, எனக்குத்தான் தெரியவில்லை என்றால்?

இன்னும் ஒன்று. வருடத்துக்கு இரண்டு தடவை கவுன்டி சாலைத் துறைக்காரர்கள் அந்தச் சாலையைச் சுரண்டிச் சமன் செய்கிறார்கள். புதுக் கப்பி கொட்டுகிறார்கள். ஆனாலும் ஒரு மழை பெய்தால் போதும், பாலத்துக்கு முன்னால் அந்த இரண்டு பாதமும் வந்துவிடும். டெல்மரைப் புதைத்த வருடம் பனி உருகியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்று, எதுவும் இருக்காது. இல்லை, இரண்டு ஜோடி இருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஜோடிதான் இருந்தது. போன வாரம் பார்த்தபோதும் ஒரு ஜோடிதான். பூட்ஸ் நுனி இரண்டும் வீட்டைப் பார்த்து... வலது பாதம் ஆழம். இடது பாதம் மேலாக, கனம் கொடுக்காமல்.