திருப்பிப் பார்க்காத ரசமட்டம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் கண்ணயர்வது என் வழக்கம். சுவர் விழுந்த அன்றைக்கு மட்டும் முடியவில்லை, ஐயா. கூட்டம் கூடிவிட்டது.

செத்தவன் என் கூடப் பிறந்த தம்பி. கொத்துக் கரண்டி பிடிக்கவே நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் மேஸ்திரி வேலையை முதலாளி தூக்கி அவனிடம் கொடுத்தார். நான் அவனுக்குக் கீழே செங்கல் வைத்தேன். முகம் சுளிக்கவில்லை.

சுவரில் வைத்து நேர் பார்க்க, குமிழி ஓடும் நீள ரசமட்டம் ஒன்று புதிதாக வாங்கியிருந்தான். நூலில் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொடவே மாட்டான். "அதெல்லாம் எதுக்குண்ணே, குமிழி நடுவுல நின்னா சுவர் நேரா இருக்குன்னு அர்த்தம்" என்பான். ரசமட்டத்தை ஒரு தடவை வைத்துப் பார்த்தால் போதாது. பக்கம் மாற்றித் திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும். அப்போதும் குமிழி நடுவில் நின்றால்தான் அது பொய் சொல்லவில்லை என்று நம்பலாம். தம்பி ஒருநாளும் திருப்பியதில்லை. அதனால் குமிழியைப் பிடித்திருக்கும் திருகாணியை அரைச் சுற்று தளர்த்திக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். அவன் மானம் போகட்டும் என்றுதான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

பத்தடிச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தது. இன்ஜினியர் பார்த்துவிட்டார். இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்து, மறுநாள் இடிக்கச் சொன்னார். முதலாளி தம்பியைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "புது மேஸ்திரி, போகப் போகச் சரியாயிடும்" என்று அவன் தோளைத் தட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். ஒரு முட்டுக்கட்டையை நான் உருவினேன். சுவர் நின்றது. அப்போது தம்பி ரசமட்டத்தோடு வந்தான். வெயிலில் நிற்காதே, சுவரடியில் நிழல் இருக்கிறது என்று சொன்னேன். உட்கார்ந்து அதைச் சுவரில் ஒட்டி வைத்தான். குமிழி நடுவில் நின்றது. பிறகு முதல் தடவையாகத் திருப்பி வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"அண்ணே, யாரோ திருகாணியில கை வச்சிருக்காங்க. நீ கொஞ்சம் பாரேன்."

யாரோ என்றுதான் சொன்னான். என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னான். மிச்சமிருந்த கட்டையை ஓரமாக நின்று உதைத்தேன்.

வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தப்பு அவனுடையது. வேலை தெரிந்தவன் எதையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்து நம்பக் கூடாது, அண்ணனையும் சேர்த்துத்தான்.